‘பிறகு சொல்கிறோம்’ என்றவர்கள் சொல்லாமல் விடும்போது

வேலை தேடுவோர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, நேர்காணலில் என்ன பேசுவது என்று கேட்கவில்லை. நேர்காணல் முடிந்த பிறகு நீளும் மௌனத்தையும், பதில் வந்தாலும் ஒற்றைச் சொல்லில் வரும் காரணத்தையும் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். ஆள்தேர்வுப் பணியில் மேசையின் மறுபக்கத்தில் நெடுங்காலம் உட்கார்ந்திருந்தவள் என்ற முறையில், அங்கே நடப்பதை மறைக்காமல் எழுதுகிறேன்.

கேள்வி: அம்மா, எனக்கு மென்பொருள் சோதனைப் பணியில் ஆறு ஆண்டு அனுபவம் உண்டு. ஒரு கன்சல்டன்சி மூலம் சென்னை நிறுவனம் ஒன்றில் நான்கு சுற்று நேர்காணல் முடித்தேன். கடைசிச் சுற்றில் சம்பளம், சேரும் நாள் வரை பேசிவிட்டு, ‘இரண்டு நாளில் சொல்கிறோம்’ என்றார்கள். ஏழு வாரம் ஆகிவிட்டது. அழைத்தால் யாரும் எடுப்பதில்லை. நான் எங்கே தவறினேன் என்பதையாவது அவர்கள் சொல்ல வேண்டாமா? — ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: கட்டாயம் சொல்ல வேண்டும். நான்கு முறை விடுப்பு எடுத்து வந்தவருக்கு ஒரு வரிப் பதில் தருவது சலுகை அல்ல, கடமை. அந்தக் கடமையில் அவர்கள் தவறியிருக்கிறார்கள். ஆனால் நீங்களும் தவறினீர்கள் என்று உங்கள் கடிதம் ஏற்கெனவே முடிவு கட்டிவிட்டதே, அந்த முடிவுக்கு எனக்கு ஓர் ஆதாரமும் தென்படவில்லை.

நம் மென்பொருள் நிறுவனங்களில் நோட்டீஸ் காலம், அதாவது வேலையை விடுவதாகச் சொன்ன பிறகும் பணியில் இருக்க வேண்டிய காலம், 60 நாள், 90 நாள் என்று இருப்பது வழக்கம். ஒரு நிறுவனம் முதலில் தேர்ந்தெடுத்தவருக்கு ஆஃபர் லெட்டர் கொடுத்தாலும், அவர் பழைய வேலையிலிருந்து விடுபட்டு வந்து சேர மூன்று மாதம் ஆகலாம். அந்த மூன்று மாதத்துக்குள் அவர் அதே கடிதத்தைக் காட்டி வேறோர் இடத்தில் கூடுதல் சம்பளம் பேசி அங்கே போய்விடுவதும் அன்றாடம் நடக்கிறது. இதை அறிந்த நிறுவனங்கள் இரண்டாவதாக வந்தவருக்கு ‘ஆம்’ என்றும் சொல்வதில்லை, ‘இல்லை’ என்றும் சொல்வதில்லை. ‘பேக்கப்’ என்று எங்கள் வட்டாரத்தில் இதைச் சொல்வோம். முதலாமவர் வந்து கையெழுத்திடும் நாள்வரை இரண்டாமவரின் பெயர் பட்டியலில் இருக்கும். அவருடைய தொலைபேசி அழைப்புகள் மட்டும் ஏற்கப்படாமல் போகும். சம்பளமும் சேரும் நாளும் பேசிய பிறகு அமைதியானார்கள் என்றால், நீங்கள் அந்த இரண்டாம் இடத்தில் நிறுத்தப்பட்டிருக்கவே வாய்ப்பு அதிகம் என்பது என் அனுபவம். தகுதியில்லை என்று நினைத்தவரோடு யாரும் சம்பளம் பேசி நேரத்தை வீணாக்க மாட்டார்கள்.

வேறு காரணங்களும் உண்டு. வாடிக்கையாளரிடமிருந்து வரவேண்டிய திட்டம் தள்ளிப்போயிருக்கலாம், நிதி ஒப்புதல் நின்றிருக்கலாம், உள்ளேயே ஒருவரை அந்த இடத்துக்கு மாற்றியிருக்கலாம். இவை எதுவும் உங்களை நேர்காணல் செய்தவருக்கே தெரியாமல் நடக்கும்.

கன்சல்டன்சிக்காரர் ஏன் எடுப்பதில்லை என்பதற்கு விடை அவருடைய வருமானத்தில் இருக்கிறது. வேலை தேடுபவரிடம் அவர் பணம் வாங்குவதில்லை. நீங்கள் வேலையில் சேர்ந்த பிறகு உங்கள் ஆண்டுச் சம்பளத்தில் ஒரு பங்கை நிறுவனம் அவருக்குத் தரும். நெடுங்காலமாக வழக்கத்தில் இருக்கும் விகிதம் 8.33 விழுக்காடு, அதாவது ஒரு மாதச் சம்பளம். சேராத ஒருவருக்காக அவர் செலவிடும் ஒவ்வொரு நிமிடமும் அவர் கணக்கில் நஷ்டம். இது நியாயம் என்று நான் சொல்லவில்லை. உங்களுக்குத் தெரிந்த நிறுவனத்து எச்.ஆர். மின்னஞ்சலுக்கே நேரடியாக எழுதுங்கள் என்று சொல்லவே இதை விளக்கினேன்.

எழுதும்போது ‘என்னை ஏன் எடுக்கவில்லை’ என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வி, படிப்பவரைத் தன் முடிவுக்கு நியாயம் தேட வைக்கும். தேடத் தொடங்கியவர் பதில் எழுதாமலே விட்டுவிடுவார். எந்தப் பணியிடத்துக்கு, எந்தத் தேதியில் கடைசிச் சுற்று நடந்தது என்று ஒரு வரி. அந்த இடம் இன்னும் நிரப்பப்படாமல் இருக்கிறதா என்று ஒரு வரி. வேறு வாய்ப்புகளைப் பரிசீலித்து வருவதால் இந்தத் தேதிக்குள் தெரிந்தால் உதவியாக இருக்கும் என்று ஒரு வரி. ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று முடிக்கக்கூடிய கேள்விக்குத்தான் வேலை நெருக்கடியில் இருப்பவர் பதில் எழுதுவார். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை எழுதுங்கள். அதற்குமேல் வேண்டாம். இதற்கிடையில் மற்ற நேர்காணல்களுக்குப் போவதை ஒரு நாளும் நிறுத்தாதீர்கள். கையில் ஆஃபர் லெட்டர் வருவதற்குமுன், வாய்ச்சொல்லை நம்பி இருக்கும் வேலையை விட்டுவிடவும் வேண்டாம்.

கேள்வி: நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்துப் பின்னர் பொறியியல் முடித்தவன். மூன்று இடங்களில் எழுத்துத் தேர்வில் தேறி, நேர்காணலில் தோற்றேன். ஓரிடத்தில் மட்டும் காரணம் சொன்னார்கள்: ‘கம்யூனிகேஷன் போதாது’. ஆங்கிலப் பேச்சு வகுப்பில் பணம் கட்டிச் சேரலாமா? — ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: பணம் கட்டுவதற்கு முன், அந்தச் சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். நேர்காணல் முடிந்ததும் பேனலில் இருப்பவர் நிரப்பும் படிவத்தில் ‘கம்யூனிகேஷன்’ என்று ஒரு கட்டம் பெரும்பாலும் இருக்கும். நிராகரிப்புக்குக் காரணம் எழுதியே ஆக வேண்டிய நேரத்தில், யாரும் மறுத்துப் பேச முடியாத அந்தக் கட்டத்தில் குறைந்த மதிப்பெண் இடுவது எளிது. நானே பல படிவங்களில் இதைக் கண்டிருக்கிறேன். எழுதியவரைக் கூப்பிட்டு ‘எந்தப் பதிலை வைத்து இப்படி எழுதினீர்கள்’ என்று கேட்டால், ஒருவர் ‘ஆங்கிலம் தடுமாறியது’ என்பார். இன்னொருவர் ‘கேட்டது ஒன்று, அவர் சொன்னது வேறு’ என்பார். மற்றொருவர், ‘விஷயம் தெரிந்தவர்தான், ஆனால் எங்கிருந்தோ தொடங்கி எங்கேயோ போனார்’ என்பார். குரல் மெல்லியதாக இருந்தது என்பதைக்கூட இதே சொல்லால் எழுதியவர்கள் உண்டு. இவற்றில் முதல் ஒன்றுக்கு மட்டுமே ஆங்கில வகுப்பு மருந்து.

நேர்காணல் என்பதே எவ்வளவு நம்பத்தக்க அளவுகோல் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆள்தேர்வு முறைகளைப் பற்றிப் பல்லாண்டுகளாக நடந்த ஆய்வுகளைத் தொகுத்து ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹன்ட்டர் ஆகிய இருவரும் 1998-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, முன்பே வகுத்த அளவில் மதிப்பெண் இடும் நேர்காணல், மனம்போன போக்கில் பேசும் நேர்காணலைவிட, ஒருவர் பின்னாளில் வேலையை எப்படிச் செய்வார் என்பதை நன்றாகக் கணிக்கிறது என்று அது காட்டியது. 2022-இல் பால் சாக்கெட்டும் உடன் ஆய்வாளர்களும் அதே கணக்குகளில் இருந்த குறைகளைத் திருத்திப் பார்த்தபோது, ஒழுங்கமைந்த நேர்காணல்தான் மற்ற முறைகளையெல்லாம் முந்தி முன்னணிக்கு வந்தது. உங்களிடம் ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று தொடங்கிக் கால்மணி நேரம் பொதுவாகப் பேசிவிட்டு இந்தச் சொல்லைத் தந்தார்கள் என்றால், அது ஒருவர் மனத்தில் அன்றைக்கு எழுந்த எண்ணம். அவ்வளவு எடைதான் அதற்கு.

ஒரே சொல்லை, ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று இடங்களில் சொன்னால் நம்புங்கள். ஓரிடத்தில் மட்டும் சொன்னால் சோதித்துப் பாருங்கள். சோதிப்பதற்கு ஒரு வழி இருக்கிறது. நேர்காணல் முடிந்து பேருந்தில் ஏறியதும், கேட்ட கேள்விகளையும் நீங்கள் சொன்ன பதில்களின் முதல் வரியையும் நினைவிலிருந்து எழுதிவிடுங்கள். வீடு போய்ச் சேர்ந்தால் பாதி மறந்துவிடும். சில நாள் கழித்துப் படிக்கும்போது, கேள்விக்கும் உங்கள் முதல் வரிக்கும் தொடர்பு இருக்கிறதா என்பது உங்களுக்கே தெரியும். பிறகு, உங்கள் இறுதியாண்டு புராஜெக்டைப் பொறியியல் படிக்காத ஒருவரிடம், அம்மாவிடமோ அக்காவிடமோ, தமிழிலேயே இரண்டு நிமிடத்தில் விளக்குங்கள்: என்ன சிக்கலைத் தீர்க்க எடுத்தீர்கள், அதில் உங்கள் கைவேலை எது, என்ன கிடைத்தது. அவர்களுக்குப் புரியவில்லை என்றால் குறை மொழியில் இல்லை, அடுக்கில் இருக்கிறது. தமிழில் அடுக்கு சரியான பிறகு அதையே ஆங்கிலத்தில் சொல்லி, கைப்பேசியில் பதிவு செய்து கேளுங்கள். அப்போதும் ஆங்கிலம்தான் தடுக்கிறது என்று தெரிந்தால் தாராளமாக வகுப்பில் சேருங்கள்.

தமிழ்வழியில் படித்த பிள்ளைகளிடம் நான் திரும்பத் திரும்பக் கண்ட ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கேள்வி புரியாதபோது ‘இன்னொரு முறை சொல்ல முடியுமா’ என்று கேட்கத் தயங்கி, புரிந்த அளவுக்குப் பதில் சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். வகுப்பறையில் திருப்பிக் கேட்டால் திட்டு வாங்கிய பழக்கமாக இருக்கலாம். நேர்காணலில் திருப்பிக் கேட்பதைப் பேனல் குறையாக எடுத்துக்கொள்வதில்லை. கேட்காமல் தவறாகச் சொல்வதைத்தான் எடுத்துக்கொள்கிறது.

கேள்வி: கணக்கியலில் எட்டு ஆண்டு அனுபவம் உள்ளவள் நான். திருமணமாகி ஓராண்டு ஆகிறது. ஒரு நேர்காணலில், ‘குழந்தை எப்போது?’ என்று நேரடியாகவே கேட்டார்கள். சிரித்து மழுப்பினேன். பிறகு ‘வேறொருவர் பொருத்தமாக இருந்தார்’ என்று பதில் வந்தது. இப்படிக் கேட்கலாமா? — ஒரு வாசகி, திருச்சி

பதில்: கேட்கக் கூடாது, சகோதரி. இந்தப் போராட்டம் உங்களோடு தொடங்கியதும் அல்ல. ஆயுள் காப்பீட்டுக் கழகம் முன்பு பெண்களிடம் நிரப்பித் தரச் சொன்ன படிவத்தில், கடைசி மாதவிடாய் எந்தத் தேதியில் வந்தது, எத்தனை முறை கருத்தரித்தது, கருச்சிதைவு ஏற்பட்டதா என்றெல்லாம் கேட்டிருந்தது. அதில் தவறான தகவல் தந்தார் என்று சொல்லி, பேறுகால விடுப்பில் சென்ற ஒரு பெண்ணைப் பணிநீக்கம் செய்ததை எதிர்த்து நடந்ததுதான் நீரா மாத்தூர் வழக்கு. உச்ச நீதிமன்றம் 1991-இல் அவரை மீண்டும் பணியில் சேர்க்க உத்தரவிட்டதோடு, அந்தக் கேள்விகள் பெண்ணின் தன்மதிப்பைப் புண்படுத்துபவை என்று கூறி, படிவத்திலிருந்து அவற்றை நீக்கவும் சொன்னது. ஆள் எடுக்கும்போது பெண் என்பதற்காகப் பாகுபாடு காட்டக் கூடாது என்பது 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்திலேயே இருந்தது. 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அது இடம்பெற்றிருக்கிறது.

ஆனால் மூடிய அறையில் வாய்மொழியாகக் கேட்டதையும், அதனால்தான் வேலை போனது என்பதையும் மெய்ப்பிப்பது கடினம். படிவத்தில் அச்சாகியிருந்தது என்பதால்தான் அந்த வழக்கில் சான்று கையில் இருந்தது. அடுத்த முறை கேட்டால், கேள்வியை வேலையின் பக்கம் திருப்புங்கள்: ‘இந்தப் பணியில் வெளியூர்ப் பயணம் உண்டா, ஆண்டுக் கணக்கு முடிக்கும் மாதத்தில் கூடுதல் நேரம் உண்டா? உண்டென்றால் அதற்கு நான் ஆயத்தமாக இருக்கிறேன்.’ கேட்டவருக்கு உண்மையில் தெரிய வேண்டியது அதுதான் என்றால் அவர் நிறைவடைவார். அதற்குமேலும் துருவினால், அவர் உங்களுக்கு மேலாளராக வரப்போகிறவரா என்று பாருங்கள். மகப்பேறு நலச் சட்டம் 2017-இல் திருத்தப்பட்ட பிறகு 26 வாரச் சம்பளத்துடன் கூடிய விடுப்பு உங்கள் உரிமை. அதைக் கேட்கப்போகும் நாளில் இவர் எப்படி நடந்துகொள்வார் என்பதை இன்றைக்கே காட்டிவிட்டார். அதே சமயம், வீட்டு நிலைமை காரணமாக அந்த வேலை உங்களுக்கு மிகவும் தேவைப்பட்டு, ஏதோ ஒரு பதிலைச் சொல்லிவிட்டு வந்தீர்கள் என்றால் அதற்காக வெட்கப்படாதீர்கள். தலைகுனிய வேண்டியவர் கேட்டவர்.

கேள்வி: குடிமைப் பணித் தேர்வில் ஆளுமைத் தேர்வு எனப்படும் நேர்காணல் வரை சென்று, சில மதிப்பெண்களில் வாய்ப்பை இழந்தேன். எந்தப் பதிலால் மதிப்பெண் குறைந்தது என்று தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாமா? — ஒரு வாசகர், மதுரை

பதில்: கேட்கலாம், ஆனால் நீங்கள் தேடுவது கிடைக்காது. மொத்தம் 2025 மதிப்பெண்ணில் ஆளுமைத் தேர்வுக்கு 275. அதில் நீங்கள் பெற்றதைத் தேர்வாணையமே வெளியிட்டுவிடுகிறது. 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம், அலுவலகத்தின் கையில் ஏற்கெனவே இருக்கும் பதிவைத்தான் தரச் சொல்கிறது. இல்லாத ஒரு விளக்கத்தைப் புதிதாக எழுதித் தரச் சொல்வதில்லை என்பதை உச்ச நீதிமன்றம் 2011-இல், மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் தொடர்பான வழக்கில் தெளிவுபடுத்தியது. கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையம் தொடர்பான 2016 வழக்கில், விண்ணப்பதாரருக்கு நேர்காணல் மதிப்பெண்ணைத் தரலாம், மதிப்பிட்டவர்களின் பெயரைத் தர வேண்டியதில்லை என்றும் சொன்னது. உங்களுக்கு வேண்டிய ‘ஏன்’ என்பது எந்தக் காகிதத்திலும் எழுதப்பட்டிருக்காது.

நேர்காணல்களைப் பற்றி இத்தகைய மனக்குறைகள் பெருகியதால்தான், நடுவண் அரசு 2016 ஜனவரி முதல், அரசிதழ்ப் பதிவு பெறாத ‘பி’ பிரிவுப் பணிகளுக்கும் ‘சி’ பிரிவுப் பணிகளுக்கும் நேர்காணலையே நீக்கியது என்பது என் எண்ணம். நீங்கள் எழுதும் தேர்வில் அது தொடர்கிறது. ஆகவே மாதிரி நேர்காணல்களில் உங்களைத் தெரியாத இருவரை உட்காரவைத்து, அவர்கள் மனத்தில் பட்டதை எழுதித் தரச் சொல்லுங்கள்.

கேள்வி: வரைகலை வடிவமைப்பாளர் வேலைக்கு ‘அசைன்மென்ட்’ என்று சொல்லி, அந்த நிறுவனத்தின் உண்மையான பொருளுக்கு முழு விளம்பரத் தொகுப்பையும் செய்து தரச் சொன்னார்கள். நான்கு நாள் உழைத்துக் கொடுத்தேன். ‘பொருந்தவில்லை’ என்று ஒரு சொல்லோடு முடிந்தது. — ஒரு வாசகி, சேலம்

பதில்: இரண்டு, மூன்று மணி நேரத்தில் முடியும் சிறு சோதனை நியாயமானது. கற்பனைப் பொருளைக் கொடுத்துச் செய்யச் சொல்வதுதான் நேர்மையான நிறுவனத்தின் வழக்கம். நான்கு நாள் உழைப்பைக் கேட்டால், ‘முன்பு செய்த பணிகளைக் காட்டுகிறேன், அல்லது இதன் ஒரு பகுதியை மட்டும் செய்து தருகிறேன்’ என்று சொல்லுங்கள். நீங்கள் அங்கே ஊழியர் அல்லாததாலும், பணமோ உரிமையை மாற்றித் தரும் ஒப்பந்தமோ இல்லாததாலும், 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி அந்த வடிவமைப்பு உங்களுடையது. அவர்கள் அதை எங்காவது பயன்படுத்தியிருந்தால், நீங்கள் அனுப்பிய மின்னஞ்சலின் தேதியே சான்று, அதை அழித்துவிடாதீர்கள்.

கேள்வி: மேடம், நான் ஆள்தேர்வுப் பணியில் சேர்ந்து ஓராண்டு ஆகிறது. நிராகரிக்கப்பட்டவர்களுக்குக் காரணம் சொல்லக் கூடாது என்று என் மேலாளர் தடுக்கிறார். ஒரு நாளைக்கு நாற்பது பேரிடம் பேசுகிறேன். எல்லோருக்கும் எப்படிப் பதில் எழுதுவது? மனம் உறுத்துகிறது. — ஒரு வாசகி, சென்னை

பதில்: அந்த உறுத்தல் உங்களிடம் இருப்பது எனக்கு மகிழ்ச்சி தருகிறது. எனக்கு அது தாமதமாகத்தான் வந்தது. பணியில் சேர்ந்த புதிதில், இரவுப் பேருந்தில் மூன்று முறை சென்னை வந்து போன ஓர் இளைஞரை நான் தேர்ந்தெடுத்திருந்தேன். கடைசி நேரத்தில் அந்தப் பணியிடமே கைவிடப்பட்டது. அதைச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. ‘இன்னும் கொஞ்ச நாள்’ என்று இரண்டு முறை சொல்லிவிட்டு, மூன்றாவது அழைப்பை எடுக்காமல் விட்டேன். சில மாதம் கழித்து வேறு எண்ணிலிருந்து அழைத்தவர், எங்கள் பதிலுக்காகக் காத்திருந்து கையில் இருந்த இன்னொரு வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகக் கூறினார். கோபப்படவில்லை. ‘இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, மேடம்’ என்று மட்டும் கேட்டார். அதற்கு அன்றும் என்னிடம் பதில் இல்லை.

உங்கள் மேலாளர் தடுப்பது காரணத்தைச் சொல்வதைத்தான். எழுதிக் கொடுத்த காரணம் நாளை வழக்கிலோ வாக்குவாதத்திலோ திரும்பி வரும் என்று அஞ்சுகிறார். முடிவைச் சொல்வதை அவர் தடுக்கவில்லை, தடுக்கவும் முடியாது. இந்த இரண்டையும் அவரிடம் பிரித்துப் பேசுங்கள். விண்ணப்பம் மட்டும் அனுப்பியவர்களுக்குப் பொதுவான ஒரு மின்னஞ்சல் போதும். தொலைபேசியில் பேசியவர்களுக்குப் பெயர் சொல்லி இரண்டு வரி. நேரில் வந்தவர்களுக்கும் இரண்டு சுற்றுக்கு மேல் போனவர்களுக்கும் தொலைபேசி அழைப்பு. நாற்பது பேரில் அப்படிப்பட்டவர்கள் நான்கைந்து பேருக்கு மேல் இருக்க மாட்டார்கள்.

காரணம் சொல்ல இடம் கிடைத்தால், ஆளைப் பற்றிச் சொல்லாமல் வேலையைப் பற்றிச் சொல்லுங்கள். ‘நீங்கள் தன்னம்பிக்கை இல்லாதவர்’ என்பது அவரை வீடுவரை துரத்தும். ‘இந்தப் பணிக்கு ஜி.எஸ்.டி. தணிக்கையை நேரடியாகக் கையாண்டவர் தேவைப்பட்டார்’ என்பது அவர் கையில் எடுத்துக்கொண்டு போகக்கூடிய தகவல். தேர்வானவரோடு ஒப்பிட வேண்டாம். ‘அடுத்த வாய்ப்பில் பார்க்கலாம்’ என்று, உண்மையில் பார்க்கப்போவதில்லை என்றால், சொல்ல வேண்டாம். அந்த ஒரு வரியை நம்பி மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. முடிவாகவில்லை என்றால், முடிவாகவில்லை என்பதையே ஒரு தேதியோடு சொல்லி, அந்தத் தேதியில் மறுபடியும் அழையுங்கள்.

இந்த வாரம் உங்கள் பட்டியலில் பதில் போகாமல் நிற்கும் பெயர்களை எடுத்து வையுங்கள். வெளியூரிலிருந்து வந்து போனவர்களிலிருந்து தொடங்குங்கள்.